போர்மேன் தின்ற மருந்து

சாயங்காலம் வேலை முடிந்து பெண்கள் கேட்டில் வரிசையாக நின்றிருந்தார்கள். வாட்ச்மேன் செல்லச்சாமி ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். பட்டாசுக் கம்பெனிக்குள் வரும்போது தீப்பெட்டியும் செல்போனும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வெளியே போகும்போது மருந்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மருந்து என்றால் வெடிமருந்துதான். சிவகாசிப் பக்கம் அதற்குத் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மாரிசெல்வியின் பையில் தூக்குச்சட்டிக்கு அடியில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருந்தது. செல்லச்சாமி மூடியைத் திறந்தார். உள்ளே கறுப்புக் கறுப்பாக, மிளகு போல உருண்டைகள். வானத்தில் ஏறிப் பூவாகச் சிதறுகிற பேன்சி வெடிகளுக்குள் வைக்கும் மருந்து உருண்டைகளும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும்.

"என்னத்தா இது?"

மாரிசெல்விக்கு பஸ்ஸில் ஜன்னலோர சீட்டைப் பிடிக்கிற அவசரம். "மருந்துண்ணே" என்று சொல்லிவிட்டாள்.

வரிசை அப்படியே நின்றது. அவளுக்குப் பின்னால் நின்ற பாண்டிமீனா, இன்னும் பின்னால் போய் அடுத்தவளின் காலை மிதித்தாள். செல்லச்சாமி டப்பாவைக் கீழே வைப்பதா, கையிலேயே வைத்திருப்பதா என்று தெரியாமல், தூங்குகிற பச்சைப்பிள்ளையை வாங்கியவர் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார்.

"மருந்தா? வீட்டுக்கா கொண்டு போற? ஏத்தா, வெளிய தெரிஞ்சா கம்பெனியவே பூட்டிருவாகளே!"

"ஐயோ, அந்த மருந்து இல்லண்ணே! வாய்ப்புண்ணுக்குச் சாப்பிடுற மருந்து. சுக்குட்டி வத்தல்."

"யாருக்கு வாய்ப்புண்ணு?"

மாரிசெல்வி தரையைப் பார்த்தாள். பதில் சொல்லாமல் நின்றதுதான் செல்லச்சாமிக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. "நான் மேனேஜருக்குப் போன் போட்டுர்றேன்த்தா. என் வேலையும் போயிரும்" என்றார்.

அந்த நேரத்தில்தான் போர்மேன் செல்வக்குமார் குடோனைப் பூட்டிவிட்டு வந்தான். டப்பாவைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. காலையில் அவள், "உங்க புண்ணுக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லியிருந்தாள். பகல் முழுக்க முதலாளியின் மகன் அவனோடு ஒட்டிக்கொண்டே சுற்றியதில், அவளுக்குக் கொடுக்க வழியில்லை. அவனுக்கும் கேட்க வழியில்லை.

மேனேஜர் வந்தால் விசாரணை. விசாரணை முடியும்வரை அவளுக்கு வேலை இல்லை. செல்வக்குமார் யோசிக்கவில்லை. டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

"ஏ... பாத்துப்பா, வெடிச்சிரப் போவுது!" என்று ஒரு பெண் கத்தினாள். வரிசை முழுக்கச் சிரிப்பு.

உப்பு மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்துக் காயவைத்த வத்தல். நெய்யில் வறுத்து, சோற்றின் முதல் உருண்டையில் நசுக்கிப் பிசைந்து சாப்பிட வேண்டியது. செல்வக்குமாருக்கு நாக்கின் ஓரத்திலும் உதட்டுக்கு உள்ளேயும் புண். பச்சையாக மென்றதும் அந்த உப்பு ஒவ்வொரு புண்ணையும் தேடிப் போய்க் கடித்தது. கண்ணீர் பொலபொலவென்று வழிந்தது. அப்படியும் மென்று விழுங்கிவிட்டு, "சுக்குட்டிதான்ணே, விடுங்க" என்றான்.

மாரிசெல்வி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பாவமும் சிரிப்பும் கலந்த அந்தப் பார்வைக்காக இன்னொரு கை அள்ளித் தின்னலாம் போல அவனுக்கு இருந்தது.

போர்மேன் வேலை என்பது பகலெல்லாம் ஒவ்வொரு ஷெட்டாக நடந்து, "நாலு பேருக்கு மேல உள்ள இருக்காதீக" என்று கத்துகிற வேலை. தீபாவளி சீசன் முடிந்து, பொங்கலுக்குப் பிறகு புது ஆர்டர் வரத் தொடங்கியிருந்தது. நேரத்துக்குச் சாப்பாடு இல்லை. வாய்ப்புண் வந்து வாரக்கணக்கில் தயிர்ச்சோறுதான். அதைக் கவனித்தது கம்பெனியில் மாரிசெல்வி ஒருத்திதான்.

அவள் அப்படித்தான். கம்பெனி பஸ் வருவதற்கு முன்னாலேயே வந்து, கண்மாய்க் கரையிலும் வேலியோரத்திலும் எதையாவது பறித்துக்கொண்டிருப்பாள். வெளியூரில் மணத்தக்காளி என்று சொல்கிற சுக்குட்டியில் காய் வத்தலுக்கு, கீரை பாசிப்பருப்புக்கு, பழம் அப்படியே வாய்க்கு. முள்ளுக்குள் கையை விட்டுத் தூதுவளைப் பழம் பறித்துத் தேனில் ஊறப் போடுவாள். யார் பிள்ளைக்குச் சளி என்றாலும் அவளிடம்தான் வருவார்கள். சூரைப் பழம் கிடைத்தால் முந்தியில் கட்டிக்கொண்டுவந்து பஸ்ஸில் எல்லோருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பாள். தங்கச்சிகளை ஒவ்வொருத்தியாகக் கட்டிக் கொடுப்பதற்குள் அவளுக்கு முப்பது தாண்டியிருந்தது. அவளைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று செல்வக்குமார் முடிவு செய்தும் வெகுநாளாகியிருந்தது. அதை அம்மாவிடம் சொல்லத்தான் நாள் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாள் தானாக வந்தது. அவன் பைக் வீட்டுக்கு வருவதற்குள் கம்பெனி பஸ் ஊருக்கு வந்துவிட்டது. பஸ்ஸோடு சேதியும் வந்துவிட்டது.

"ஏலே, வாயத் தொற" என்றாள் அம்மா தங்கத்தாய், வாசலிலேயே.

"எதுக்கும்மா?"

"தொறலே!"

செல்போன் டார்ச்சை அடித்து மகனின் நாக்கைப் பார்த்தாள். "அய்யய்யோ, வெந்து போயில்ல இருக்கு! அவ வச்ச மருந்து சுட்டிருக்கு."

இந்த ஊரில் மருந்துக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ஆணை மயக்க நினைக்கிற பெண், சோற்றிலோ பலகாரத்திலோ ரகசியமாகக் கலந்து கொடுப்பதாகச் சொல்கிற மருந்து. உள்ளே போய் வயிற்றில் ஒட்டிக்கொள்ளுமாம். அதன்பிறகு அவன் அவள் முந்தியைவிட்டு நகரமாட்டானாம். யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

"அம்மா, அது சுக்குட்டி. நீயுந்தான் கொளம்பு வைப்ப."

"நான் வச்சா கொளம்பு. அவ வச்சா மருந்து. அம்புட்டுப் பேருக்கு முன்னால அளுதுக்கிட்டே அள்ளித் தின்னியாமே?"

"உப்பும்மா! புண்ணுல உப்புப் பட்டா அளாம சிரிக்கவா செய்வாக?"

"நீ சிரிக்கவுந்தான் செய்யிற. தண்ணி பிடிக்கப் போனா தனியா சிரிக்கிற. ஆலங்குளத்துல எங்க அண்ணன் சிமெண்டு ஆலையில வேல பாத்து மகள ராசாத்தி மாதிரி வளத்து வச்சிருக்கான். அவ போட்டோவக் காட்டினா, 'நல்லா எடுத்திருக்காக'ன்னு சொல்லித் திருப்பிக் குடுக்கிற. இது மருந்து இல்லாம வேற என்ன?"

செல்வக்குமார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். இதற்குமேல் நல்ல சமயம் வராது என்று தோன்றியது. "நான் மாரிசெல்வியக் கட்டிக்கிறேம்மா."

தங்கத்தாய் அதிர்ச்சியடையவில்லை. பரிதாபமாகப் பார்த்தாள். "இது நீ பேசல. உள்ள கெடக்குதுல்ல, அது பேசுது."

அவன் கோபப்படப் பார்த்தான். ஆனால் அம்மாவின் கண்ணில் உண்மையான பயம் இருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. கெட்டிக்காரத்தனமான யோசனை என்று நினைத்துக்கொண்டான்.

"சரி. காரியாபட்டிப் பக்கம் மருந்து எடுக்கிற ஆளு இருக்காருல்ல? நான் வாரேன். எடு. எடுத்த பெறகும் நான் இதயே சொன்னா, நீயே போயி அவுக வீட்டுல பொண்ணு கேக்கணும்."

"எடுத்த பெறகு நீ அவ பேரயே மறந்துருவ."

"மறக்காட்டி?"

"போயிக் கேக்கேன்லே. எங்கப்பன் மேல சத்தியம்."

ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் போய் பஸ் மாறினார்கள். மருந்து எடுக்கிற ராஜபாண்டியன் வீட்டில் மாடப்பிறையும் மண்டையோடும் இருக்கும் என்று செல்வக்குமார் எதிர்பார்த்திருந்தான். அவர் ஆட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு, ஆட்டு வியாபாரியோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, "வாங்க, சாப்பிட்டீகளா?" என்றார்.

தங்கத்தாய் கதையைச் சொன்னாள். ராஜபாண்டியன் முதலில் அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"வாயெல்லாம் புண்ணால்ல இருக்கு. வயித்துலயும் எரியுமே?"

"எரியுதுங்க" என்றான் செல்வக்குமார்.

"சுக்குட்டி சாப்பிடுங்க தம்பி. பளம் கெடச்சா வெறும் வயித்துல. இல்லாட்டி வத்தல நெய்யில வறுத்து..."

"அதத்தான் அவ குடுத்தா!" என்று தங்கத்தாய் பதறினாள்.

"குடுத்தது சரியாத்தானக்கா குடுத்திருக்கா" என்றார் ராஜபாண்டியன். பிறகு தொழிலுக்குத் திரும்பினார். அவனைப் பாயில் படுக்க வைத்து, வயிற்றில் ஒரு செம்புக் குழாயை வைத்து வாயால் உறிஞ்சினார். செல்வக்குமாருக்கு இடுப்புப் பக்கம் கூச்சம் அதிகம். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"சிரிக்காதீக தம்பி, பிடி விட்டுப் போகுது."

தொப்புளுக்கு மேலே, கீழே, இடது பக்கம், வலது பக்கம் எல்லாம் வைத்துப் பார்த்தார். கடைசியில் குழாயைத் துண்டில் துடைத்துவிட்டு எழுந்தார். "ஒண்ணும் இல்லக்கா."

"நல்லாப் பாருங்க!"

"வச்சது இருந்தா எடுத்துருவேன். இது வச்சது இல்ல, தானா வந்தது. அத எடுக்க எங்கிட்டக் கொளா இல்ல."

திரும்பி வரும் வழியில் விருதுநகரில் இறங்கியதும் பரோட்டாக் கடையிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது. "வாய் நல்லா இருந்தா ரெண்டு தின்னிருப்ப" என்றாள் தங்கத்தாய். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு நின்றாள். "அந்தாளு அவளுக்குச் சொந்தக்காரனா இருப்பானோ?"

"அம்மா."

"சரிலே. சத்தியம் சத்தியந்தான். நாளு பாத்துப் போயிக் கேக்கேன்."

செல்வக்குமாருக்கு உலகமே இனித்தது. திங்கட்கிழமை காலையில் கம்பெனிக்குப் போகும்வரை இனித்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடிக்குப் போனான். பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எப்போதும் ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கை இருக்கும். மாரிசெல்வியின் டப்பாதான் முதலில் காலியாகும். அன்றைக்கு எல்லாக் கையும் அவள் டப்பாவைச் சுற்றிக்கொண்டு போயின. அவள் நடுவில் வைத்த சுக்குட்டிக் குழம்பை யாரும் தொடவில்லை.  கேலிகூடச் செய்யவில்லை. பாண்டிமீனா மட்டும் அசடு வழிய, "எனக்கு இன்னைக்கு வயிறு சரியில்ல மதினி" என்றாள்.

மாரிசெல்வி மூடியைப் போட்டு மூடிவிட்டு எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். அவன் பின்னால் போனான்.

"மாரிசெல்வி..."

"எடுத்தாச்சுல்ல? இன்னும் எங்கிட்ட என்ன சோலி?"

"ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டாரு. அதான் சங்கதி. இனி எங்கம்மாவால மறுக்க முடியாது. நானாத்தான் போனேன், அம்மாவ மடக்குறதுக்கு..."

"நீங்களாவே போனீகளா?" அவள் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "கேட்டுல நீங்க அள்ளித் தின்னப்போ எம்புட்டுச் சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? ஊரு முன்னால எனக்காக நிக்க ஒரு ஆளு இருக்குன்னு நெனச்சேன். அதே ஆளு பஸ் ஏறிப் போயி, வயித்தக் காட்டிப் படுத்து எடுத்துட்டு வந்திருக்கீக. இருந்துச்சா இல்லையான்னு யாரு கேக்கப் போறா? எடுக்கப் போனாக, அம்புட்டுதான் ஊருக்குத் தெரியும்."

"எனக்கு அது வெளாட்டாத்தான்..."

"ஒங்களுக்கு வெளாட்டு. நேத்து பாண்டிமீனா மகனுக்குச் சளி. நான் தூதுவளைப் பளம் கொண்டு போனேன். வாங்கி வச்சுக்கிட்டா. காலையில பாத்தா குப்பையில கெடக்குது." அவள் குரல் உடைந்தது. "இந்த மாசத்தோட நான் வேற கம்பெனிக்குப் போயிர்றேன். எங்கிட்டப் பேசாதீக."

 அம்மாவை மடக்க நினைத்தவன், இவளை ஊர் வாயில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

வீட்டில் அவன் சாப்பிடவில்லை. தங்கத்தாய் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னான். குப்பையில் கிடந்த தூதுவளைப் பழத்தைச் சொன்னபோது அவள் முகம் மாறியது. தங்கத்தாயும் தீப்பெட்டி ஆபீஸில் காலம் தள்ளியவள். பெண்கள் கூட்டத்தில் ஒருத்தியின் கைப்பண்டத்தை யாரும் தொடாமல் விடுவது என்ன வலி என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அந்தச் சேதிய அவ தெருவுக்கு யாருலே சொன்னது?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே பதில் தெரிந்துவிட்டது. காரியாபட்டிக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களிடம் எல்லாம் அவள்தானே ஒப்பாரி வைத்தாள்?

அடுத்த ஞாயிறு தங்கத்தாய் தலை சீவி, நல்ல சேலை கட்டி, மகனையும் இழுத்துக்கொண்டு மாரிசெல்வி வீட்டுக்குப் போனாள். பூவும் தேங்காய் பழமும் பையில் இருந்தன. மாரிசெல்வி வாசலில் உரலில் இலந்தைப் பழம் இடித்துக்கொண்டிருந்தாள். வற்றல் மிளகாய், புளி, உப்பு, பெருங்காயம் எல்லாம் போட்டுக் கொட்டையோடு இடித்து, வடையாகத் தட்டி வெயிலில் காயவைப்பதற்கு. காட்டு இலந்தையின் புளிப்பு வாசனை தெரு வரைக்கும் வந்தது. அவள் அப்பா சீனிச்சாமி கட்டிலிலிருந்து எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

மாரிசெல்வி உலக்கையை நிறுத்தவில்லை. "வாங்க பெரியம்மா" என்றாள்.

தங்கத்தாய் திடுக்கிட்டாள். "பெரியம்மாவா? அப்ப என் மகன் ஒனக்கு அண்ணனா?"

"மருந்து எடுத்தவுகளுக்கு வேற என்ன மொறை?"

"யாத்தே! கோவத்துல நீ நேரா மொறையிலயே கை வைக்கியே." தங்கத்தாய் படியில் உட்கார்ந்தாள். "மாரிசெல்வி, நான் பொண்ணு கேட்டு வந்திருக்கேன். அங்க எதுவும் இல்லன்னு சொல்லிட்டாக. எம்மேல தப்புதான்."

"எங்க வாசல்ல வந்து சொன்னா ஆச்சா?" உலக்கை நின்றது. "அவருக்கு மருந்து எடுக்க ஒங்களுக்குக் காரியாபட்டி இருக்கு. எனக்கு வச்ச பேர எடுக்க யாரு இருக்கா?"

செல்வக்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ சும்மா இருலே" என்றாள் அம்மா. "நீங்க சும்மா இருங்க" என்றாள் அவள். இரண்டும் ஒன்றாக வந்தன.

 தங்கத்தாய் எழுந்து தெரு நடுவில் போய் நின்றாள். தெருக்குழாயில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். வேடிக்கை பார்க்க ஏற்கெனவே எல்லோரும் தயாராகத்தான் இருந்தார்கள்.

"ஏ பாண்டிமீனா! எல்லாரும் கேட்டுக்கோங்க. மருந்து வச்சான்னு சொன்னது நாந்தான். இன்னைக்கு அது பொய்யின்னு சொல்றதும் நாந்தான். எடுக்கிறவர் கொளாய எடுத்து எடுத்து வச்சுப் பாத்தாரு. உள்ள மயிரும் இல்ல, மண்ணும் இல்ல. எம் மகனுக்கு அவளப் பிடிச்சிருக்கு. எனக்குப் பொறுக்கல. அம்புட்டுதான் நடந்தது. இனி அவ கைப்பண்டத்தக் குப்பையில போடுறவ, எங்கிட்டச் சொல்லிட்டுப் போடுங்க. நான் வந்து பொறுக்கித் தின்னுக்கிறேன்."

 அம்மா அத்தனை பேர் முன்னால் குரல் நடுங்கப் பேசி செல்வக்குமார் பார்த்ததில்லை. அவன் போய் அம்மா பக்கத்தில் நின்றான். "நான் எடுக்கப் போனதும் தப்பு" என்றான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எடுக்கிறதுக்கு ஒண்ணுமில்லன்னு எனக்கு முன்னாலயே தெரியும்."

பாண்டிமீனா குடத்தைக் கீழே வைத்தாள். முகம் சிறுத்து, "மதினி, சின்னவனுக்கு இன்னும் இருமல் நிக்கல. கொஞ்சம் தூதுவளைப் பளம் இருக்குமா?" என்றாள்.

மாரிசெல்வி முந்தியால் முகத்தைத் துடைத்தாள். "தேன்ல போட்டது உள்ள இருக்கு. வந்து எடுத்துக்க. ராத்திரிக்குக் குடுக்காத, காலையில குடு."

தங்கத்தாய் திரும்பி வந்தவள் படியில் உட்காரவில்லை. நேராக உரலுக்குப் போய், விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். கண்ணை இடுக்கினாள்.

"என்னத்தா, இப்படிப் புளிக்குது? கருப்பட்டி போடலையா?"

"எங்க வீட்டுல வெல்லந்தான் போடுவாக."

"இலந்தை வடைக்கு எவளாவது வெல்லம் போடுவாளா? கருப்பட்டி போட்டாத்தான் பித்தம் தணியும், பசியெடுக்கும். எங்கம்மா போட்டா தெருவே வந்து நிக்கும்." உலக்கைக்குக் கையை நீட்டினாள். "இங்கன குடு."

"வேண்டாம், நான் இடிக்கிறேன்."

"குடும்மா, ஒனக்குக் கை காச்சுப் போயிருக்கு."

"ஐய, கருப்பட்டியப் போட்டா கறுத்துப் போகும் அத்தை! அப்புறம் அதயும் ஏதோ மருந்துன்னு சொல்லுவாக!"

சொன்ன பிறகுதான் மாரிசெல்விக்கு வாயில் என்ன முறை வந்தது என்று தெரிந்தது. கழுத்து வரை சிவந்து போய், உலக்கையை விட்டுவிட்டு உள்ளே போனாள். சீனிச்சாமி துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

தங்கத்தாய் எதுவும் காதில் விழாதவள் போல உலக்கையைத் தூக்கினாள். ஒரு குத்து குத்திவிட்டு மகனைப் பார்த்தாள்.

"என்னலே பாக்கிற? கடைக்குப் போயிக் கருப்பட்டி வாங்கிட்டு வா. அப்படியே அவகிட்டக் கேளு, வெல்லமும் வேணுமான்னு."